அகழியில் விழும் சாக்கடை

1964, ஐப்பசி, வியாழக்கிழமை.

கோட்டையைப் பார்வையிட இன்று சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். கடைத்தெருச் சாக்கடை அகழியில் விழுவது அவருக்குத் தெரியக்கூடாது என்றார் பஞ்சாயத்துத் தலைவர். நான் சுகாதார மேஸ்திரி. விடியற்காலையிலேயே சாக்கடை வாயை மண்மூட்டைகளால் அடைத்துவிட்டேன்.

தண்ணீர் பரவாயில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அகழியில் துணி துவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் எழுந்து வந்தாள்.

"இன்னிக்கு மட்டும்தான் சாமி நாத்தம் இல்ல. இந்தத் தண்ணியால என் புள்ளைங்க உடம்பெல்லாம் சொறி."

"அப்படியா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

சாக்கடை வாயிலிருந்த மூட்டைகளை இழுத்துப் போட்டேன். சாக்கடை கறுப்பாகக் கொட்டியது. அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"இன்னாய்யா, இப்டி பண்ணிட்ட?" என்றார் தலைவர். நாளையிலிருந்து நான் வேலைக்கு வர வேண்டாமாம்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள்.