எட்டாம் நாள் விட்டுப்போன தையல்

அன்புள்ள அத்திம்பேருக்கு,

பேசாமல் இருந்தது போதும். நீங்கள் இருந்தவரை அக்காவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. மாட்டுங்காவில் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். "அவரோட ஆபரேஷன் தியேட்டர்ல இருபது வருஷம் நின்னவன் நீ. நன்னாவும் எழுதுவே. ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா" என்றாள் அக்கா. இதோ எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தைப் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பீர்கள். பேசிய ஆறு பேரில் நாலு பேர் உங்கள் தையலைத்தான் புகழ்ந்தார்கள். தோலுக்கு அடியிலேயே ஓட்டி, தானாகக் கரையும் நூலில் போடுவீர்களே, பிரிக்கவே வேண்டாத தையல், அதை. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் மேடையிலேயே சட்டையைத் தூக்கி, "அப்பெண்டிக்ஸை எங்க எடுத்தார்னு யாராவது காட்டுங்கோ பாக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தொப்பையில் தழும்பு என்ன, தொப்புளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

கண்ணுக்குத் தெரிகிற ஆழம் வரைதான் உங்கள் அக்கறை. அதற்குக் கீழே, கை எதற்குப் பழகியதோ அது. படித்த காலத்தில் உங்கள் கை பழகியது கேட்கட் என்ற பழைய நூல். செம்பூரில் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்த பிறகும் அதை விடவில்லை.

கேட்கட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. வாய்க்குள் கிழிந்த இடத்துக்கும் பிரசவத்தில் கிழிந்த இடத்துக்கும் அது போதும்; சில நாளில் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அது ஆட்டுக்குடலில் செய்த நூல். உடம்பு அதைச் செரித்துவிடும். சீழ் பிடித்த வயிற்றில் இன்னும் சீக்கிரம். வயிற்றுச் சுவரின் கெட்டியான சவ்வு ஒன்றுசேர வாரக்கணக்கில் ஆகும். அதற்கென்றே ஆறு வாரம்வரை பிடி கொடுத்து, பிறகு மெல்லக் கரையும் செயற்கை நூல் உங்கள் அலமாரியிலேயே இருந்தது. அடுக்கி வைத்தவன் நான்.

தாராவி சுடலைமுத்துவை நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். குடலில் ஓட்டை விழுந்து, வயிறெல்லாம் சீழோடு வந்தார். பட்டறைத் தூசியில் வந்த ஓயாத இருமல் வேறு. வயிற்றை மூடும் நேரத்தில் செயற்கை நூலை நீட்டி, இந்த இருமலுக்குக் கேட்கட் தாங்காது என்றேன்.

"உன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியெல்லாம் காலேஜோட வெச்சுக்கோ. கத்தி யார் கைல இருக்கு? கேட்கட்டைப் பிரிடா."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பிரித்தேன். வழக்கம்போல நூல் உறையின் முன்பக்கத்தை வெட்டி, தேதி போட்டு, தியேட்டர் நோட்டில் ஒட்டினேன். அதற்கும் ஒரு கிண்டல்: "ஸ்டாம்ப் ஆல்பமா சேக்கறே?" பிறகு தோலை மட்டும் ரசித்து ரசித்துத் தைத்தீர்கள். சீழ் வயிற்றில் தோலை அப்படி இறுக்கி மூடலாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

எட்டாம் நாள் காலை அவர் இருமினார். கட்டு இளஞ்சிவப்பாக நனைந்தது. பிரித்துப் பார்த்தால் குடல் வெளியே வந்திருந்தது. சலைனில் நனைத்த துணியைப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரோடு ஓடினேன். அன்றைக்கு எந்த நூலைக் கேட்டீர்கள் அத்திம்பேர்? "அதைக் குடு" என்றீர்கள். நான் முதலில் நீட்டிய அந்தச் செயற்கை நூலின் பெயர்கூட உங்கள் வாயில் வரவில்லை.

வெளியே அவர் மனைவி பேச்சியம்மாளிடம் என்ன சொன்னீர்கள்? காலாவதியான நூலை ஆள் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று. நான் உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன். அந்த அம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எம் வீட்டுக்காரர் வயித்துக்கு மக்கிப்போன நூலா எடுத்துக் குடுத்தீரு? உம்ம வீட்டு ஆளுன்னா குடுப்பீரா?"

சாயங்காலம், காலாவதி நூலைக் கொடுத்தது என் தவறு என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். "நீ போட்டா ஒரு மெமோவோட போயிடும். நான் போட்டா உங்க அக்கா தெருவுல நிக்கணும்." கையெழுத்துப் போட்டேன். அதே இரவு நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீங்கள் அதைத் தேடக்கூட இல்லை. நான் ஒட்டியதையெல்லாம் என்றைக்குப் படித்தீர்கள்?

சுடலைமுத்து பிழைத்துவிட்டார். வயிறு ஒரு பக்கம் புடைத்து, எந்நேரமும் பெல்ட் போட்டிருக்கிறார். மூட்டை தூக்க முடியாது. அதே பட்டறையில் உட்கார்ந்து நிறம் பிரிக்கிறார். சயான் ஸ்டேஷன் பாலத்தில் என்னைப் பார்த்தால் பேச்சியம்மாள் நின்று, மகளுக்கு என்னைக் காட்டுகிறாள்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் லேடி டாக்டர் அலமாரியைத் திறந்து கேட்கட்டைப் பார்த்தார். "யே அபி தக் ரக்கா ஹை?" இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார்கள். உங்கள் அனுபவம் அதில் தாராளமாக அடங்கியது.

அந்தப் பக்கம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அறுவை நடந்த தேதி என் கையெழுத்தில். காலாவதித் தேதி உறையில் அச்சாகியிருக்கிறது. காலாவதியாக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போகிறேன். நூல் கெட்டுப்போனதில்லை, போட்ட இடம்தான் தப்பு, போடச் சொன்னது நீங்கள், பிரித்துக் கொடுத்தது நான் என்று பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதம் அந்தப் பக்கத்தின் நகலோடு மலர்க் குழுவுக்குப் போகிறது. யார் எழுதியது என்று அக்காவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். கீழே 'உங்கள் மச்சினன்' என்று எழுதிப் பெயரும் போட்டேன். பிறகு இரண்டையும் அடித்துவிட்டேன். என் கையெழுத்து ஏற்கெனவே உங்கள் பொய்யின் கீழே இருக்கிறது. அதையே உண்மையின் கீழும் போட்டால் யார் நம்புவார்கள்? பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.