அப்பா எடுத்து வைத்த பாதி

ஜூலை 8, செவ்வாய்
விடியலிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்டதில் பாதி பக்கத்து வீட்டில். வாங்க: பால், அம்மாவுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி.

அம்மாவின் மார்புக் கட்டி புற்றுதான் என்று போன வாரமே தெரிந்துவிட்டது. இப்போது காத்திருப்பு ஹெர்-2 டெஸ்ட் முடிவுக்கு. ஹெர்-2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். அதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கட்டியிலிருந்து எடுத்த தசைத் துண்டின் மேல் விடுவார்கள். ஒட்டினால் பழுப்பு. நன்றாகப் பழுப்பேறினால் அதற்கென்றே ஒரு மருந்து. இல்லாவிட்டால் வேறு வழி. அது தெரியாமல் டாக்டர் எதையும் தொடங்கமாட்டார்.

எந்த நிறத்தை வேண்டிக்கொள்வது? அதுகூடத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்
கோவை லேபிலிருந்து போன்.

"தசை தீந்துபோச்சுங்க. மொத டெஸ்ட்டுக்கே சரியாப் போச்சு. ஆன்டிபாடி போட ஒண்ணும் மிச்சமில்லீங்க. வந்ததே ரெண்டு துண்டுதானுங்க."

டாக்டர் ஊசியால் எடுத்தது நான்கு. அம்மா ஒவ்வொரு குத்தையும் எண்ணியிருக்கிறாள்.

துண்டுகள் இருந்த பாட்டிலை லேபுக்குக் கொண்டுபோனது அப்பா.

வீரபாண்டி, எங்கள் பனியன் யூனிட். கேட்டதும் அப்பா சாம்பிள் அலமாரியைத் திறந்தார். ஆர்டர் தந்த பையருக்குப் போன டி-சர்ட்டுகளின் ஜோடிகள். நடுவே சின்ன பாட்டில். தண்ணீரில் வெள்ளை நூல்போல இரண்டு. கழுத்தில் டேக். அம்மா பெயர், தேதி.

"எதை அனுப்பிச்சாலும் கவுன்ட்டர் சாம்பிள் ஒண்ணு நம்மகிட்ட வெக்கோணும் கண்ணு. அவிய தொலைச்சுப்போட்டா?"

"தண்ணியிலயாப்பா?"

"ஆர்ஓ தண்ணிதான்."

கத்திவிட்டேன். மெஷின்கள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

ஜூலை 10, வியாழன்
அதையும் லேபுக்கு எடுத்துப்போனேன். பஸ்ஸில் நின்றபடி. நான் படித்த படிப்பு எதற்கும் உதவாத நாள்.

லேப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில ஊத்தின ஃபார்மலின் மருந்துலயே இருந்திருந்தாப் பரவால்லீங்க. தண்ணியில அழுகிப்போச்சு. ஆன்டிபாடி போட்டாலும் வர்ற நிறத்தை நம்ப முடியாதுங்க."

மறுபடி ஊசி. அம்மாவிடம் 'தசை பத்தவில்லை' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அப்பா சாப்பிடவில்லை. நைட்டி வாங்க மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
ஆஸ்பத்திரி வராந்தா. டெட்டால் வாடை. யாரோ ஒருவர் போனில், "ஷிப்மென்ட் நாளைக்குங்க, நாளைக்கு."

அம்மாவை ஊசிக்குக் கூப்பிடுவதற்குள் அப்பா அவளிடம் சொல்லிவிட்டார். அலமாரி, டேக், தண்ணீர், எல்லாம். தரையைப் பார்த்தபடி.

அம்மா கைப்பையைப் பெஞ்சில் வைத்தாள்.

"ஏனுங்க, என்னை எந்தப் பையருக்கு அனுப்பறதா இருந்தீங்க?"

சிரித்தாள். பாதியில் நின்றுவிட்டது. நர்ஸ் வந்து கூட்டிப்போனாள்.

அப்பாவும் நானும் பெஞ்சின் இரண்டு முனைகளில். நடுவில் அம்மாவின் கைப்பை.

அம்மா வெளியே வந்தாள். முகம் வெளுத்து. கையில் புது பாட்டில். நான் கை நீட்டினேன். என்னிடம் தரவில்லை.

"இந்தாங்க. வழியில யூனிட்டுக்குப் போகாதீங்க."

அப்பா இரண்டு கைகளாலும் வாங்கினார். மூடியைத் தொடவில்லை.