இனிப்புப் பொடி

அன்புத் தங்கைக்கு,

உன் கைக்குழந்தைக்கு மாந்தம், நம் கிராமத்தில் பானைக்கு மெருகு பூசும் அந்த மஞ்சள் நிறப் பொடி மெக்சிகோ நகரில் கிடைக்கவில்லை, கொஞ்சம் அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன். பிசினாறி என்று திட்டு, பரவாயில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு.

என் மகள் சிட்லாலிக்கு மாந்தம் வந்தபோதெல்லாம் நான்தான் அதை எண்ணெயில் குழைத்து ஊட்டினேன். மற்ற பிள்ளைகள் மருந்தைத் துப்பும். இவள் என் விரலைச் சப்பிக்கொண்டே, "இனிக்குதும்மா, இன்னும் குடு" என்றாள். கொடுத்தேன்.

அதில் இருப்பது ஈயமாம், பிள்ளைகளின் மூளையைத் தின்னும் விஷமாம். "எத்தனை தடவ குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். விரல்விட்டு எண்ணினேன், பத்து விரலும் போதவில்லை.

மாதா திருவிழாவுக்கு வரும்போது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, திரும்ப மாட்டாள். பேச்செல்லாம் போய்விட்டது. ஒரு வார்த்தைதான் மிச்சம். என் விரலைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க, "இன்னும்" என்கிறாள்.

உன் அக்கா