ஊற்றடிச் சுவர்

பர்ரேயா,
செப்டம்பர்

பிடிவாதக்காரத் தம்பிக்கு,

ஏரிக்கரையில் விடுதி நடத்தும் எர்சிலியா நேற்று மேலே ஏறி வந்தாள். "ஒன் தம்பி ரெண்டு நாள் எங்கிட்டதான் தங்கியிருந்தான். மேல ஒங்க வீடு தெரியற ரூம்தான் வேணும்னான். மீன் வறுத்து வச்சேன், தொடவே இல்ல" என்றாள். அவனாக இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு ஊற்றடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். சுவரில் அப்பாவுக்கு ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைக் காணோம். காற்று கிழித்திருந்தால் துண்டாவது மிஞ்சியிருக்கும். யாரோ நனைத்து, ஓரம்கூடக் கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறார்கள். அடக்கத்துக்கு வராதவன், அதற்கு மட்டும் மலையேறியிருக்கிறாய்.

அதில் உன் பெயர் முதலில் இருந்தது. நான் போட்டேன் என்று நினைக்காதே. நான் போட்டிருக்க மாட்டேன். படுக்கையில் விழுவதற்கு முன்பே அப்பா அச்சகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஒங்கூடப் பேசாத பயல் பேரையா மொதல்ல போடச் சொல்ற?" என்று அச்சகக்காரர் கேட்டாராம்.

"பேசலன்னா என்ன, எனக்கு மகன் இல்லன்னு ஆயிடுமா? போடு" என்றாராம் அப்பா.

கடைசிவரை அவருக்குக் கரண்டியால் ஊட்டியவளின் பெயர் அதற்குக் கீழே இருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய கம்பளிக் கோட்டு உனக்குச் சரியாக இருக்கும். கதவு முன்போலவே, தள்ளினால் திறக்கும். எனக்கு ஒட்டப்போகும் சுவரொட்டியையும் உரிக்க வரலாம் என்று இருந்துவிடாதே. அதற்கு முன்னால் வா.

இரண்டாவது பெயர்க்காரி,
உன் அக்கா