பெரியவர் கொடுத்த நாலு டயர்

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஆறே முக்கால். மழை. ஆஸ்பத்திரி ரவுண்டானாவில் பிரேக்கை மிதித்தேன். கார் கேட்கவில்லை. வேகம் முப்பதுகூட இல்லை. பின்பக்கம் தானாகச் சுற்றிக்கொண்டு போய் நடுமேட்டில் ஏறி நின்றது. எனக்கு அடி இல்லை, ஒரு கதவு நசுங்கியது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் என் வேலை. முதல் வீட்டுப் பியானோ டீச்சர் ஒன்றேகால் மணி நேரம் புண்ணுக் காலை நீட்டியபடி காத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டில் என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ வேகத்துல போனே?"

அடிபட்டதா என்பது இரண்டாவது கேள்வி.

அக்டோபர் 15, புதன்

இவருடைய அண்ணன் வந்தார். குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் பெரியவர். கூரை ஒழுகினாலும் கார் வாங்கினாலும் அவர் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். போன மாதம் எங்கள் காருக்கு நாலு டயர் கொடுத்ததும் அவர்தான். "புதுசு மாதிரி இருக்கு, எதுக்கு வேற வாங்கணும்?" என்று தெரிந்த பட்டறையில் மாட்டவும் வைத்தார்.

இன்று குனிந்து டயர் பட்டனின் பள்ளத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார். "பாரு, எவ்ளோ ஆழம். டயர்ல ஒரு குறையும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார்.

இவரும் கூடச் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பதினாலு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. இவர் எங்கள் வீட்டு கேட்டையே இரண்டு தடவை இடித்தவர்.

போகும்போது பெரியவர் இவருக்குக் கண்ணைக் காட்டினார். இவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மழை முடியட்டும்."

மழை முடிந்தால் இந்த ஊரில் பனி கொட்டும். அப்புறம்?

அக்டோபர் 20, திங்கள்

பஸ்ஸில் போனதில் இன்று மூன்று வீடு தவறிவிட்டது. பியானோ டீச்சரின் புண்ணில் நீர் வடிந்து கட்டு ஊறி, செருப்பு வரை நனைந்திருந்தது. "பரவால்லம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இந்த மாதம் முழுக்க இப்படியே போனால் என் வீடுகளை வேறு நர்ஸுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

டிராயரில் மாற்றுச் சாவி கிடந்தது. யாரையும் கேட்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து டயர் கடைக்குப் போனேன்.

எது நல்ல டயர் என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார்: "எந்த ரோடு? எத்தனை மணிக்கு?" விடிவதற்கு முன்னால், மேட்டுத்தெரு, ஈர இலை என்றேன். அவர் டயரின் ஓரத்தைத் துடைத்தார். நாலு எண்கள். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம் தயாரானது என்று சொல்லுமாம். கணக்குப் போட்டேன். பதினொரு வயது. என் மகளைவிட ஒரு வயது மூத்தது!

"பட்டன் ஆழமா இருந்து என்ன பிரயோஜனம்? ரப்பர் செத்துப் போச்சு. அதுவும் இது வெயில்கால டயர். பனி விழணும்னு இல்ல, குளிர்ந்தாலே கல்லாயிடும்."

"விக்கிறதுக்குத்தானே இதெல்லாம் சொல்றீங்க?" என்று அவர்மேலும் பாய்ந்தேன். அவர் ஒரு குளிர்கால டயரை உருட்டி வந்து பக்கத்தில் வைத்தார். "நகத்தால அழுத்துங்க." புதியதில் நகம் பதிந்தது. பெரியவர் கொடுத்ததில் நகம்தான் மடங்கியது.

அக்டோபர் 25, சனி

இவரிடம் சொன்னேன். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா?" என்கிறார். மாட்டின்மேல் உட்கார்ந்து போகிறவள் நான். பல்லைப் பார்ப்பேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

பெரியவர் வீட்டுக்கு என் மகளைக் கூப்பிடப் போனேன். சமையலறையில் அவர் மனைவி, என் ஓரகத்தி, தட்டைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "உன் வண்டியுமா வழுக்குது? இவரோட வண்டி மழையில வழுக்குதுன்னுதானே அந்த டயரையெல்லாம் கழட்டினார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

தெரிஞ்சேதான் கொடுத்திருக்கார். தெரிஞ்சே கொடுத்துட்டு, எனக்கு ஓட்டத் தெரியலைன்னு என் முன்னாடியே நின்னு சிரிச்சிருக்கார்! பின்சீட்டில் என் பிள்ளை இருந்திருந்தால்?

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணன்கிட்ட கேட்டுடாதே. மனசு கஷ்டப்படும்."

யாருக்கு? யாருக்குய்யா கஷ்டப்படும்?

அக்டோபர் 29, புதன்

நாலு குளிர்கால டயர் மாட்டியாயிற்று. ஏப்ரலில் வெயில்கால டயருக்கு மாற்ற வேண்டும். பழையதை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் கடைக்காரர். "வெளியே போனா யாராவது எடுத்து மாட்டிடுவாங்க." நான் கேட்கவில்லை. டிக்கியிலும் பின்சீட்டிலும் ஏற்றி, பெரியவர் வீட்டு வாசலில் நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"உங்க பொருள் அத்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்று நன்றாகத் தூங்குவேன்.

நவம்பர் 3, திங்கள்

எல்லா வீட்டுக்கும் நேரத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் இவரோடு பேச்சில்லை.

நவம்பர் 22, சனி

முதல் பனி. காலையில் ஓரகத்தி போன் செய்தாள், ரகசியக் குரலில். "அந்த நாலு டயரையும் என் கார்ல ஏத்தப் போறார். பட்டறைக்குப் போய் எனக்கு மாட்டப் போறாராம். நல்ல பொருள் வீணாகுதாம். திங்கட்கிழமை பிள்ளைங்கள வச்சு நான்தான்டி ஓட்டணும்."

பெரியவரை அவமானப்படுத்த வேண்டும் என்ற வீம்பில் நானே கொண்டுபோய் வைத்த டயர். கடைக்காரர் சொன்னார், கேட்டேனா?

இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், ஒரு மாதமாகக் கண்ணில் படாத என் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். "நீ ஓட்டு. பனியில எனக்கு வராது."

நாங்கள் போனபோது பெரியவர் நாலாவது டயரை ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் ஒவ்வொன்றாக இறக்கி எங்கள் காரில் போட்டார்.

"டேய், எதுக்குடா?"

"வழுக்குதுண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். பெரியவர் டிக்கிக் கதவிலிருந்து கையை எடுத்தார். ஓரகத்தி கோட்டை மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டில் ஏறினாள். பின்னால் இரண்டு டயருக்கு நடுவில் இவர், முழங்கால் மோவாயில் இடிக்க. டயர் கடைக்குப் போகும் வழியில் அதே ரவுண்டானாவில் பிரேக்கை மிதித்தேன். நின்றது. "மெதுவா" என்று யாரும் சொல்லவில்லை.

இனி யாரும் மாட்ட முடியாதபடி டயரின் பக்கவாட்டில் துளை போட்டுவிடலாம் என்றார் கடைக்காரர். மூன்றை அவரே போட்டார். நாலாவதுக்கு ஓரகத்தி கையை நீட்டி டிரில்லை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வச்சு அழுத்தணும்?" என்று மட்டும் கேட்டாள்.