ஆட்டுத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

ஜனவரி 18, சனி

சில்லு, இன்றைக்கு நீ போன முப்பதாம் நாள், கோயிலில் பூசை. அக்சிலியா என்று சாமியார் உன் முழுப்பேரை வாசித்ததும் வேறு யாரோ என்று நினைத்தேன். "கூடப் பொறந்தவ, பாவம்" என்று என் கையைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 24

உன் வீட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கியாச்சு. மாவு எடுக்க உன் மகள் பிரின்சி உட்கார்ந்தாள். எண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் பொத்தல் போட்டு, பலகையில் அடித்து வைத்தாயே, அந்தத் தகரம்தான். துருவும்போது விரலைக் கிழித்துக்கொண்டாள். துருவலைத் துணியில் கட்டி நான் பிழிந்தேன். குண்டாவில் பால் அடங்கி, மாவு அடியில் நின்று, தண்ணீர் மேலே தெளிந்தது.

ஆட்டுக் கொட்டாயிலிருந்து உன் வீட்டுக்காரர் வின்சென்ட் கத்தினார். "ஏய், உங்கம்மா மாதிரி அந்த வெசத்தண்ணிய ஆட்டுத் தொட்டியில ஊத்தித் தொலைக்காத. மூணும் செனையாடு!"

பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

ஜனவரி 25

எழுதிவிடுகிறேன். ஊத்தினது நான்.

நாலு வருஷம் ஆச்சு. நீ துணி காயப்போடப் போயிருந்தாய். குண்டாவில் மாவுக்கு மேலே நின்ற தண்ணி அரிசி களைந்த தண்ணி மாதிரி இருந்தது, கை பாட்டுக்குத் தொட்டியில் சாய்த்துவிட்டது. தெரியாதா எனக்கு? தெரியும். நினைப்பு எங்கேயோ. ஆடுகள் நுரை தள்ளி விழுந்ததும் வின்சென்ட் உன்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்கல. அன்றிலிருந்து உன்னைப் பட்டிக்குள் விடவில்லை. படலுக்கு வெளியே நின்று ஒவ்வொரு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாய் — நான் பாத்துக்கிட்டே போவேன். என்ன பொம்பள நான்?

ஜனவரி 26

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். பாதியில் திரும்பிவிட்டேன். சாமியார் காதில் சொன்னால் வின்சென்ட்டுக்குக் கேட்குமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

காய்ந்த மாவை அள்ளும்போது இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

"சாவுற வரைக்கும் அவளத் திட்டினனேக்கா" என்றார் வின்சென்ட். போய்ப் பட்டியின் படலைத் திறந்தார். உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

பிரின்சி ஒரு படி மாவைத் துணிப்பையில் கட்டி என் மடியில் வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும் பெரிம்மா. காலிக் குண்டாவோட நீ தொட்டிகிட்ட நின்னதப் பாத்துச்சாம். அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு."

பையை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஏண்டி சில்லு, தெரிஞ்சேவா வருஷா வருஷம் மொத மாவ எனக்குக் கொண்டாந்து கொடுத்தே?