சூரியன் வைத்த பால்

14-1-1958, பொங்கல்

மின்சார நிலையத்தில் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டும் எனக்கு, வெயிலிலேயே பொங்கல் வைக்க ஆசை. காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் நாற்பது முகக்கண்ணாடித் துண்டுகளை மல்லாத்திய குடைபோல் அடுக்கி, நடுவில் பானையை வைத்தேன். நெருப்பே இல்லாமல் பால் நுரைகட்டியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நுரை விளிம்பைத் தொடும் நேரத்தில் கிளேபாங் கடற்கரைப் பக்கமிருந்து மேகம் வந்தது. பால் அடங்கிப் போனது.

"சூரியனுக்குப் படைக்கிற பொங்கல, அவரையே சமைக்கச் சொன்னா எப்படிங்க?" என்று மனைவி அடுப்பை மூட்டினாள்.

ஒரு பானைக்கே நாற்பது கண்ணாடி. மலாக்கா முழுவதற்கும் எத்தனை வேண்டும்? மழைக்கும் இரவுக்கும் என்ன செய்வது? இதை எழுத வெளிச்சம் தரும் விளக்கை எரிப்பதும் எங்கள் டீசல் எஞ்சின்தான்.

ஆனாலும் அந்த நுரையைக் கண்ணால் பார்த்துவிட்டேன். கண்ணாடிகளை வாசலிலிருந்து எடுக்கவில்லை. நாளை மாட்டுப் பொங்கல்.